பதஞ்சலியின் குரு யார்? யோக மரபில் சரணாகதியும் ஆசிரியரும்

1. கேள்வி

தமிழ்நாட்டு நகரங்களில் விடிகாலையில் தொடங்கும் யோக வகுப்புகள் பலவற்றில் இரண்டு சுலோகங்கள் அடுத்தடுத்து ஒலிப்பதைக் கேட்கலாம். முதலாவது பதஞ்சலி முனிவரை வணங்குவது. யோகத்தால் மனத்தின் அழுக்கையும், இலக்கணத்தால் சொல்லின் அழுக்கையும், மருத்துவத்தால் உடலின் அழுக்கையும் நீக்கித் தந்தவர் என்று அது அவருக்கு நன்றி சொல்கிறது. இரண்டாவது, குருகீதையோடு சேர்த்து வழங்கப்படுவது. குருவே மும்மூர்த்திகள், குருவே கண்கண்ட பரப்பிரம்மம் என்று அது போற்றுகிறது. மாணவர்கள் கைகூப்பி, கண்மூடி, இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிறார்கள். பிறகு விரித்த பாயில் பயிற்சி தொடங்குகிறது.

ஒரே மரபு பேசும் இரண்டு வாக்கியங்களாகவே இவை காதில் விழுகின்றன. சற்று நின்று கேட்டால் இரண்டுக்கும் இடையே பெரிய தொலைவு இருப்பது தெரியும். முதல் சுலோகம் நல்லாசிரியர் ஒருவருக்கு மாணவர் செலுத்தும் நன்றி. இரண்டாவது ஆசிரியரைக் கடவுளின் இருக்கையில் அமர்த்துகிறது. முதல் சுலோகம் யாரை வணங்குகிறதோ, அந்தப் பதஞ்சலியின் நூல் இரண்டாம் சுலோகத்தின் கருத்துக்கு இடம் தருகிறதா? யோக தரிசனத்தில் சரணாகதி யாருக்கு உரியது? மனித ஆசிரியருக்கு அங்கே என்ன வேலை? இக்கட்டுரை ஆராய்வது இந்தக் கேள்விகளை.

2. இதுவரையான வாசிப்புகள்

பதஞ்சலியின் தத்துவ அடித்தளம் சாங்கியம். ஈசுவர கிருஷ்ணரின் சாங்கிய காரிகை ஈசுவரன் என்ற தத்துவம் இல்லாமலேயே உலகையும் விடுதலையையும் விளக்கிவிடுகிறது. யோக சூத்திரமோ உணர்வாகிய புருஷன், இயற்கையாகிய பிரகிருதி என்ற அதே கணக்கை ஏற்றுக்கொண்டு, கூடவே ஈசுவரனையும் பேசுகிறது. அதனால்தான் சாங்கியத்தை நிரீசுவர சாங்கியம் என்றும், யோகத்தைச் சேசுவர சாங்கியம் என்றும் பிரித்துச் சொல்லும் வழக்கம் உண்டாயிற்று.

மேலைநாட்டு ஆய்வாளர்களில் ரிச்சர்டு கார்பே போன்றோர், ஈசுவரன் இந்த அமைப்போடு ஒட்டாமல் தளர்வாகச் செருகப்பட்டவர் என்று கருதினர். 1954இல் பிரெஞ்சு மொழியில் வெளியான தம் யோக ஆய்வில் மிர்ச்சா எலியாதே, ஈசுவரனை யோகிக்கு முன்மாதிரியாக நிற்கும் வடிவமாகப் பார்த்தார். 2009இல் யோக சூத்திரத்துக்கு விரிவான உரை வெளியிட்ட எட்வின் பிரையண்ட், மரபுரைகளை ஆதாரமாகக் கொண்டு நூலின் இறைப்பற்றை அழுத்திச் சொன்னார்.

இந்த விவாதத்தின் போக்கை மாற்றிய ஒன்று பிலிப் மாஸின் ஆய்வு. சூத்திரத்தைப் பதஞ்சலியும் அதன் முதல் உரையான பாஷ்யத்தை வியாசரும் செய்தனர் என்பதே நெடுங்கால நம்பிக்கை. சுவடிகளை ஒப்பிட்டு 2006இல் முதல் பாதமாகிய சமாதி பாதத்துக்குச் செம்பதிப்பு வெளியிட்ட மாஸ், இரண்டும் சேர்ந்து 'பாதஞ்சல யோக சாத்திரம்' என்ற ஒரே நூல் என்றும், அது ஏறத்தாழ கி.பி. 325க்கும் 425க்கும் இடையில் உருவானது என்றும் வாதிட்டார். இம்முடிவை எல்லோரும் ஏற்றுவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் பாஷ்யத்தைப் பிற்கால விளக்கம் என்று ஒதுக்கிவிட்டுச் சூத்திரத்தை மட்டும் வைத்து வழக்காடுவது இனி எளிதில்லை. பாஷ்யத்தின் மேல் எழுந்த 'விவரணம்' என்ற உரையும் இங்கே நினைக்கத்தக்கது. சங்கரர் பெயரில் வழங்கும் அவ்வுரை 1952இல் சென்னையில்தான் முதன்முதலாக அச்சேறியது. அதை எழுதியவர் ஆதிசங்கரர்தானா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

யோகத்தில் கடவுள் உண்டா, இல்லையா என்பதே இந்த வாசிப்புகளில் பெரும்பாலானவற்றின் மையம். அந்தக் கடவுளைப் பதஞ்சலி 'குரு' என்று அழைத்ததால் மனித குருவின் நிலை என்ன ஆகிறது என்ற கேள்வி அந்த விவாதத்தின் நிழலில் ஒதுங்கிவிட்டது.

3. பிரணிதானம்: நான்கு இடங்கள்

யோக சூத்திரத்தில் 'ஈசுவரப் பிரணிதானம்' நான்கு இடங்களில் வருகிறது. முதல் பாதத்தில் 23ஆம் சூத்திரம். இரண்டாம் பாதத்தில் 1, 32, 45ஆம் சூத்திரங்கள். முன்னே கொண்டுபோய் ஊன்றி வைத்தல் என்பது 'பிரணிதானம்' என்ற சொல்லின் வேர்ப்பொருள்.

முதல் இடத்தில் ஒரு சிறிய வடமொழி இடைச்சொல் நம்மை நிறுத்துகிறது. 'வா' என்ற அச்சொல்லுக்கு 'அல்லது' என்று பொருள். அதற்கு முந்தைய சூத்திரங்கள் பயிற்சி, பற்றின்மை, சிரத்தை, வீரியம், தீவிர வேட்கை ஆகியவற்றைச் சொல்லி வருகின்றன. அவற்றால் சமாதி கைகூடும். அல்லது ஈசுவரப் பிரணிதானத்தால் கைகூடும் என்பது இச்சூத்திரத்தின் கருத்து. பல வழிகளில் ஒரு வழியாகச் சரணாகதி இங்கே நிற்கிறது. இரண்டாம் பாதத்திலோ அந்த 'அல்லது' மறைந்துவிடுகிறது. தவம், ஓதிக் கற்றலாகிய சுவாத்தியாயம் ஆகியவற்றோடு சேர்ந்து ஈசுவரப் பிரணிதானமும் கிரியா யோகத்தின் மூன்று உறுப்புகளில் ஒன்றாகிறது. ஐந்து நியமங்களில் கடைசியாகவும் அது வருகிறது. விருப்பமாக இருந்தது ஒழுக்கமாகிவிடுகிறது.

இந்த முரணுக்குப் பாஷ்யமே விடை வைத்திருக்கிறது. முதல் பாதம் மனம் ஏற்கெனவே ஒருமுகப்பட்டவருக்கும், இரண்டாம் பாதம் மனம் வெளியே ஓடிக்கொண்டிருப்பவருக்கும் சொல்லப்பட்டவை என்று அது பிரிக்கிறது. முதிர்ந்தவருக்கு வழிகளில் ஒன்று; நம்மைப் போன்றவருக்கு நாள்தோறும் செய்ய வேண்டிய பயிற்சி.

பொருளும் இடத்துக்கு இடம் நகர்கிறது. 'பக்தி' என்ற சொல்லைச் சூத்திரங்கள் எங்கும் ஆளவில்லை. முதல் பாதத்து உரையில் பாஷ்யம்தான் பிரணிதானத்தை ஒருவகைச் சிறப்பான பக்தி என்று விளக்குகிறது. இரண்டாம் பாதத்து உரையில் செயல்கள் அனைத்தையும் பரமகுருவிடம் அர்ப்பணித்தல், அல்லது செயல்களின் பயனைத் துறத்தல் என்று பொருள் சொல்கிறது. 45ஆம் சூத்திர உரையில் தன் முழு இருப்பையும் ஈசுவரனிடம் ஒப்படைத்தவருக்குச் சமாதி சித்திக்கும் என்கிறது.

எது ஒப்படைக்கப்படுகிறது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். செயலும் அதன் பயனும், 'நான் செய்தேன்' என்ற எண்ணமும் ஒப்படைக்கப்படுகின்றன. அறிவின் பகுத்துணரும் ஆற்றலை யாரிடமாவது விட்டுவிடச் சொல்லும் இடம் ஒன்றுகூட இல்லை. இருக்கவும் முடியாது. இரண்டாம் பாதம் 26ஆம் சூத்திரப்படி, இடையறாத விவேக உணர்வே துன்பத்திலிருந்து விடுபடும் உபாயம். விடுதலையின் கருவி எதுவோ அதையே காணிக்கையாகக் கொடுத்துவிட்டால் பயணத்துக்கு எதுவும் மிஞ்சாது.

4. ஈசுவரன் எத்தகைய குரு?

யோக சூத்திரங்களில் 'குரு' என்ற சொல் ஒரே ஒரு முறைதான் வருகிறது. முதல் பாதத்தின் 26ஆம் சூத்திரத்தில், முன்னோர்க்கும் குரு என்று ஈசுவரனைச் சுட்டும் இடம் அது. காலத்தால் எல்லை கட்டப்படாதவர் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். 'முன்னோர்' என்பதற்குப் பிரம்மா முதலான படைப்பின் தொடக்கத்தவர் என்று 11ஆம் நூற்றாண்டுப் போஜனின் உரை பொருள் கொள்கிறது. நாம் அறிந்த ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் ஓர் ஆசிரியர் இருந்தார். அவருக்கும் ஒருவர் இருந்தார். இந்தச் சங்கிலியைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால் அதன் தலைப்பில் இருப்பவர் ஈசுவரன்.

இந்தக் குருவுக்கு உரிய தகுதிகளை 24ஆம் சூத்திரம் பட்டியலிடுகிறது. அறியாமை, அகந்தை, விருப்பு, வெறுப்பு, உயிர்ப்பற்று ஆகிய ஐந்து கிலேசங்களும் அவரைத் தொடுவதில்லை. வினை, வினையின் விளைவு, விளைவு மனத்தில் விட்டுச்செல்லும் படிவு ஆகியனவும் தொடுவதில்லை. அவர் ஒரு தனிச்சிறப்புடைய புருஷன். பாஷ்யம் இதை இன்னும் இறுக்குகிறது. கைவல்யம் அடைந்த முக்தர்கள் பலர் உண்டே, அவர்களும் ஈசுவரர்கள்தாமா என்று தானே ஒரு கேள்வியை எழுப்பிக்கொண்டு, அவ்வாறு அன்று என மறுக்கிறது. முக்தர்கள் கட்டுகளை அறுத்துக்கொண்டு வெளியே வந்தவர்கள். ஈசுவரனுக்குக் கட்டு என்பது முன்பும் இருந்ததில்லை, இனியும் வரப்போவதில்லை.

விடுதலை பெற்ற மனிதரைக்கூட ஈசுவரனோடு சேர்த்து எண்ணக் கூடாது என்று நூல் வரம்பு கட்டிவிட்டது. ஆகவே, ஒரு குரு ஞானி என்று நிரூபணமானாலும், பதஞ்சலியின் கணக்கில் அவர் பிரணிதானத்துக்கு உரியவர் ஆகமாட்டார்.

இந்தப் பரமகுரு ஏன் கற்பிக்கிறார்? 25ஆம் சூத்திர உரையில் பாஷ்யம் விடை தருகிறது. தமக்கென்று ஆகவேண்டியது ஒன்றும் இல்லாதபோதும், உயிர்களுக்கு அருளுவதே அவர் நோக்கம். ஞானத்தையும் அறத்தையும் உபதேசித்து அவர்களைக் கரையேற்றுவது. தன்னலம் சிறிதும் இல்லாத போதனை என்பதே குருத்தன்மையின் இலக்கணமாக இங்கே நிற்கிறது.

அவர் எப்படி உதவுகிறார் என்பதில் பாஷ்யம் இரண்டு குரல்களில் பேசுகிறது. 23ஆம் சூத்திரத்தில், பக்தியால் தம்பால் ஈர்க்கப்பட்ட ஈசுவரன் நினைத்த மாத்திரத்தில் அருள்புரிகிறார். இது அருள் வாசிப்பு. 29ஆம் சூத்திரத்தில், ஈசுவரன் எப்படித் தூயவராகவும் தெளிந்தவராகவும் தனித்தவராகவும் இருக்கிறாரோ, அப்படியே தன் உள்ளே இருக்கும் புருஷனும் என்று சாதகர் கண்டுகொள்கிறார். இது கண்ணாடி வாசிப்பு. முன்னதைப் பக்தி மரபினரும் பின்னதைத் தத்துவ ஆய்வாளரும் தம்தம் பக்கம் இழுத்துக்கொண்டனர். என் பார்வையில் இரண்டும் ஒன்றையொன்று வெட்டவில்லை. அருள் என்று பக்தர் உணர்வது, தன் உண்மை வடிவம் தனக்குத் துலங்கும் அந்த நிகழ்ச்சியையே. சரணடைந்தவர் இன்னொருவரின் நிழலாகச் சுருங்காமல் தன்னைக் கண்டுகொள்கிறார் என்பதில் இரு குரல்களும் ஒன்றுபடுகின்றன.

5. மனித ஆசிரியரின் இடம்

அப்படியானால் பாய்க்கு எதிரே நிற்கும் ஆசிரியர் யார்? சூத்திரங்கள் அவரைப் பற்றித் தனியே பேசவில்லை. பாஷ்யத்தில் மூன்று இடங்களிலிருந்து அவருடைய உருவத்தைத் திரட்டிக்கொள்ளலாம்.

முதல் இடம், பிரமாணங்களைச் சொல்லும் முதல் பாதத்து 7ஆம் சூத்திர உரை. நம்பத்தக்கவர் தாம் கண்டதை அல்லது அனுமானித்து அறிந்ததைத் தம் அறிவு பிறருக்கும் சேரும்பொருட்டுச் சொல்லால் தருவது ஆகமம். இதோடு பாஷ்யம் நிற்கவில்லை. சொல்பவர் தாம் காணாததையும் அனுமானிக்காததையும் நம்பமுடியாதபடி சொன்னால் அந்த ஆகமம் நிலைகுலையும் என்று எச்சரிக்கிறது. ஆசிரியரின் சொல்லுக்கு மதிப்பு அவர் அமர்ந்திருக்கும் இடத்தால் வருவதில்லை; அவர் கண்டறிந்த உண்மையால் வருகிறது.

இரண்டாவது, 35ஆம் சூத்திர உரை. சாத்திரம், அனுமானம், ஆசாரிய உபதேசம் ஆகியவை வழியே அறிந்தவை உண்மையே என்றாலும், அவற்றில் ஒரு சிறு பகுதியையாவது மாணவர் தம் கருவிகளாலேயே உணராத வரை எல்லாம் எட்டாத பொருள் போலவே இருக்கும் என்று அது சொல்கிறது. அதனால்தான் தொடக்கத்திலேயே ஏதேனும் ஒன்றை நேரில் அனுபவிக்கச் சொல்கிறது. ஆசிரியர் சொன்னதை மாணவர் சரிபார்க்க வேண்டும் என்பது இங்கே அவநம்பிக்கையின் அடையாளமாகக் கொள்ளப்படவில்லை. சிரத்தை வேர்பிடிக்கும் வழியே அதுதான்.

மூன்றாவது, மூன்றாம் பாதத்து 6ஆம் சூத்திர உரை. ஒரு நிலையை வென்றபின் அடுத்த நிலை எது என்பதைக் காட்டும் ஆசிரியர் யார் என்ற கேள்விக்கு, யோகமே ஆசிரியர் என்பது பாஷ்யத்தின் விடை. இதன் பொருளை மூச்சுப் பயிற்சி செய்தவர் எளிதில் உணர்வார். உள்மூச்சு எந்தக் கணத்தில் தானாக நீள்கிறது, எங்கே திணறுகிறது என்பதை எதிரே அமர்ந்திருக்கும் ஆசிரியர் ஓரளவுதான் அறிய முடியும். மிச்சத்தை அந்த மூச்சே கற்றுத்தர வேண்டும்.

இதற்கு எதிராக ஒரு வாதம் எழும். முதல் பாதம் 30ஆம் சூத்திரம் ஒன்பது இடையூறுகளில் ஒன்றாக ஐயத்தைச் சேர்த்திருக்கிறதே. கேள்வி கேட்பவர் யோகத்துக்குத் தகுதியற்றவர் என்றுதானே அதற்குப் பொருள்? பாஷ்யத்தைப் பார்த்தால் இந்த வாதம் நிற்காது. இப்படியும் இருக்கலாம், அப்படியும் இருக்கலாம் என்று இரு கரையையும் தொட்டு ஊசலாடும் மனநிலையைத்தான் அது ஐயம் என்கிறது. அதைத் தீர்த்துக்கொள்ளும் வழியே கேள்வி. சிரத்தையைப் பாஷ்யம் மனத்தெளிவு என்கிறது. நன்மை நாடும் தாயைப் போல யோகியைக் காப்பது என்கிறது. தெளிவு என்று வரையறுக்கப்பட்ட ஒன்று விசாரணைக்கு அஞ்ச வேண்டியதில்லை.

6. குருவும் ஈசுவரனும் ஒன்றான வழி

இவ்வளவு தெளிவாகப் பிரிக்கப்பட்ட இரு இடங்கள் பிற்காலத்தில் ஒன்றானது எப்படி? விதை பழையது. சுவேதாசுவதர உபநிடதத்தின் இறுதிப் பாடல் இறைவனிடத்தில் வைக்கும் மேலான பக்தியைக் குருவிடத்திலும் வைக்கச் சொல்கிறது. பிற்காலத் தாந்திரிக நூல்கள் தீட்சையை மையமாக்கியபோது, குருவின் உடல் வழியே இறைவன் செயல்படுகிறார் என்ற கருத்து வலுப்பெற்றது. மந்திரமும் தீட்சையும் கைமாறும் மரபில் அதற்கு உள்ளார்ந்த தேவையும் இருந்தது.

இந்தக் கருத்துக்குக் கிடைத்த மிகச் செறிவான தத்துவ வடிவம் தமிழ்ச் சைவ சித்தாந்தம். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சிவஞானபோதத்தின் எட்டாம் சூத்திரம், ஐம்புலன்களாகிய வேடர்களிடையே வளர்ந்து தன்னை மறந்திருந்த உயிருக்குச் சிவனே குருவாக வந்து உணர்த்துவதைப் பேசுகிறது. வேடர் குடியிருப்பில் வளர்ந்த அரசகுமாரனுக்கு அவன் தந்தை வந்து, நீ என் மகன் என்று அறிவிப்பது போல அது. மூவகை உயிர்களுள் விஞ்ஞானகலருக்கு உள்நின்றும், பிரளயாகலருக்குத் தெய்வ வடிவில் தோன்றியும், சகலராகிய நமக்கு மனிதக் குருவாக வந்தும் இறைவன் அறிவிக்கிறான் என்பது சித்தாந்தம். பதஞ்சலி கட்டிய வரம்பை இது நேரடியாகத் தாண்டுகிறது. ஆகவே இதை எளிதாகக் கடந்துவிட முடியாது.

ஆனால் அதே மரபு தன் வரலாற்றிலேயே ஒரு திருத்தத்தையும் காத்து வைத்திருக்கிறது. மெய்கண்டாரின் குடும்பத்துக்குக் குலகுருவாக இருந்தவர் சகலாகம பண்டிதர். ஆகமங்களைக் கரைத்துக் குடித்த முதியவர். திருவெண்ணெய்நல்லூரில் இளம்பிள்ளையாகிய மெய்கண்டார் மாணவர்களுக்குப் பாடம் சொல்வதைக் கேள்விப்பட்டு, நேரில் பார்க்க வருகிறார். ஆணவமலம் பற்றிய பாடம் நடக்கிறது. ஆணவத்தின் வடிவம் எது என்று கேட்கிறார் பண்டிதர். பிள்ளை வாய் திறக்கவில்லை. எதிரே நிமிர்ந்து நிற்கும் அவரை ஏற இறங்கப் பார்க்கிறது. அந்தப் பார்வையிலேயே விடையைப் படித்துக்கொண்ட பண்டிதர் காலில் விழுந்து மாணவராகிறார். அவர்தான் சிவஞான சித்தியார் தந்த அருணந்தி சிவாசாரியார்.

மரபு போற்றிவரும் இந்த நிகழ்ச்சியின் பொருள் ஆழமானது. குருத்தன்மை பட்டத்தாலும் வயதாலும் பரம்பரையாலும் வருவதில்லை. குருவின் இருக்கையில் இருந்தவரே அதைவிட்டு எழுந்து நின்று மாணவராக முடிகிறது. இறைவன் மனிதக் குருவாக வருவான் என்று சொன்ன மரபு, எந்த மனிதரிடம் அவன் வருவான் என்பதைப் பதவியோடு கட்டிவைக்கவில்லை.

திருமந்திரத்தையும் இங்கே வைத்துப் பார்க்கலாம். பதஞ்சலியின் ஐந்து நியமங்கள் திருமூலரின் மூன்றாம் தந்திரத்தில் பத்தாகின்றன. சிவபூசையும் சிவவிரதமும் சித்தாந்தக் கேள்வியும் அவற்றுள் அடங்கும். ஆறாம் தந்திரம் சிவகுரு தரிசனத்தில் தொடங்குகிறது. குருவை இத்தனை உயரத்தில் வைத்த அதே நூல்தான், குருட்டுத்தன்மையை நீக்காத குருவைத் தேடிப் பிடித்துக்கொள்பவர்கள் குருவும் சீடருமாகச் சேர்ந்து குழியில் விழுவதையும் பாடியது. தாந்திரிக நூலான குலார்ணவமும் சீடரின் பொருளைக் கவரும் குருக்கள் மலிந்திருப்பதையும், சீடரின் துயரைக் களையும் குரு அரிது என்பதையும் குறிப்பிடுகிறது. குருவைக் கடவுளாக்கிய மரபுகள், தகுதியைச் சோதிக்கும் பொறுப்பையும் கூடவே வைத்திருந்தன. இன்று நாம் முதல் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியைக் கைவிட்டிருக்கிறோம்.

7. ஆளவந்தார் தவறவிட்ட நாள்

தமிழ் வைணவத்தில் இந்தக் கேள்வி வேறொரு திசையில் திரும்பியது. காட்டுமன்னார்கோயிலைச் சேர்ந்த நாதமுனிகள் நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்தவர், யோகத்திலும் வல்லவர். அவர் செய்ததாகச் சொல்லப்படும் 'யோக ரகசியம்' பழைய வடிவில் கிடைக்கவில்லை. குருபரம்பரை நூல்கள் சொல்லும் வரலாற்றின்படி, நாதமுனிகள் தம் யோகக் கலையைக் குருகைக்காவலப்பனிடம் ஒப்படைத்திருந்தார். நாதமுனிகளின் பேரரான ஆளவந்தார் அதைப் பெற விரும்பி அவரை நாடிச் சென்றார். தாம் உடலை விடவிருக்கும் நாளைக் குறித்துக் கொடுத்து, அதற்குள் வந்து கற்றுக்கொள்ளும்படி குருகைக்காவலப்பன் சொன்னார். ஆளவந்தார் அனந்தபத்மநாபனைச் சேவிக்கத் திருவனந்தபுரம் போயிருந்தார். அங்கே இருக்கும்போதுதான், குறிக்கப்பட்ட நாள் அன்றுதான் என்பது நினைவுக்கு வந்தது. அவ்வளவு தொலைவைக் கடந்து திரும்ப வழியில்லை. யோகம் குருகைக்காவலப்பனோடு போயிற்று.

இந்நிகழ்ச்சியை வரலாற்றுச் சான்றாக அளக்க முடியாது. ஆனால் ஒரு மரபு தன் திருப்பத்தைத் தானே எப்படிப் புரிந்துகொண்டது என்பதற்கு இது சான்று. ஒரே ஓர் ஆசிரியரிடம் பூட்டி வைக்கப்பட்ட கலை ஒரே நாளில் அற்றுப்போகும். அதன்பின் வைணவம் யாவருக்கும் எட்டும் பிரபத்தி என்னும் சரணாகதியை முன்னிறுத்தியது. சரணாகதி இறைவனுக்கு உரியது. ஆசாரியர் அதில் சேர்த்துவைப்பவர். பின்னாளில் பிள்ளை லோகாசாரியார் ஆசாரியரின் அபிமானத்துக்கே உய்விக்கும் ஆற்றல் உண்டு என்னும் அளவுக்குச் சென்றார். வேதாந்த தேசிகர் சரணடைபவரின் சிறு முயற்சிக்கும் இடம் தந்தார். தாயை இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி, தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டி என்ற உவமைகள் இந்த வேறுபாட்டைச் சுட்டப் பிறந்தவை. இரண்டு உவமைகளிலும் தாய் இறைவன்தான்.

20ஆம் நூற்றாண்டில் இந்த இழை மறுபடியும் யோகத்தோடு சேர்ந்தது. மைசூர் அரண்மனையில் யோகம் கற்பித்து, 1934இல் கன்னடத்தில் 'யோக மகரந்தம்' எழுதி, 1950களின் தொடக்கத்தில் சென்னைக்குக் குடிவந்த திருமலை கிருஷ்ணமாசாரியார் (1888 - 1989) ஸ்ரீவைஷ்ணவர். ஆழ்வார்திருநகரியில் தம் இளம்வயதில் நாதமுனிகளின் யோக ரகசியம் தமக்கு அருளப்பட்டதாக அவர் சொல்லிவந்தார். அது அவரே இயற்றியது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஈசுவரப் பிரணிதானத்தை அவர் நாராயணனிடம் செய்யும் சரணாகதியாகவே உணர்ந்தார். ஆனால் தம் தெய்வத்தை மாணவர் மேல் சுமத்தாமல், அவரவர் உடலுக்கும் வயதுக்கும் நம்பிக்கைக்கும் ஏற்பப் பயிற்சியை அமைப்பதே அவர் வழியின் அடையாளமாக அறியப்படுகிறது. ஆசிரியரின் சரணாகதி ஆசிரியருக்கு. மாணவரின் சரணாகதி மாணவருக்கு. பதஞ்சலியின் நெறிக்கு இது மிக அருகில் வருகிறது.

8. கேள்வியும் சரணும்

சரணாகதியின் உச்சமாக எல்லோரும் எடுத்துக்காட்டுவது பகவத் கீதை 18ஆம் அத்தியாயத்தின் 66ஆம் சுலோகம். அதற்கு மூன்று சுலோகங்கள் முன்னே 63ஆம் சுலோகம் இருக்கிறது. இதுவரை சொன்னதை முழுமையாக ஆராய்ந்து பார்த்து, பிறகு உன் விருப்பப்படி செய் என்று கண்ணன் அர்ச்சுனனிடம் அங்கே சொல்கிறான். சரணாகதிக்கு முன் சிந்திக்கும் உரிமை கையில் கொடுக்கப்படுகிறது. கொடுப்பவன் சரணை ஏற்கப்போகும் அதே கடவுள். நான்காம் அத்தியாயம் 34ஆம் சுலோகம் ஞானிகளை அணுகும் முறையாக மூன்றைச் சொல்கிறது: பணிதல், துருவிக் கேட்டல், தொண்டு செய்தல். நடுவில் இருப்பது கேள்வி. அதை எடுத்துவிட்டால் இருபுறமும் மிஞ்சுவது அடிமைத்தனம்.

நம் காலத்தவரும் இந்த மூலத்துக்குத் திரும்பியிருக்கிறார்கள். 1896 செப்டம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்த ரமணருக்கு மனித குரு எவரும் இல்லை. அருணாசலத்தையே அவர் குருவாகக் கொண்டார். யோக சித்திக்கு வேண்டியவற்றை அரவிந்தர் சாத்திரம், உற்சாகம், குரு, காலம் என நான்காக வகுத்தார். குரு என்று பேசும்போது, உள்ளே இருக்கும் வழிகாட்டியே மேலான குரு என்று நிறுத்தினார்.

மறுபுறம் கசப்பான ஆவணங்களும் சேர்ந்திருக்கின்றன. 2014 டிசம்பரில் ஆஸ்திரேலிய அரச விசாரணை ஆணையம், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்து யோக ஆசிரமம் ஒன்றில் முந்தைய பதிற்றாண்டுகளில் குழந்தைகள் மீது நடந்த பாலியல் கொடுமைகளைப் பற்றிப் பாதிக்கப்பட்டவர்களின் சாட்சியங்களை வெளிப்படையாகக் கேட்டது. இத்தகைய இடங்களில் நிகழும் கேடு ஒரு தனிமனிதரின் ஒழுக்கக்கேட்டோடு முடிவதில்லை. குரு செய்வதில் பிழை இராது என்ற நம்பிக்கை சுற்றியிருந்த பெரியவர்களின் வாயையும் கட்டிவிடுகிறது. மேலே கண்ட பாஷ்ய வரிகளை ஒருமுறை பொருளோடு படித்த ஒருவர் அப்படி வாய்மூடி இருக்க முடியாது என்று நான் நம்புகிறேன்.

9. முடிவு

சான்றுகளைத் தொகுத்தால் மூன்று முடிவுகள் கிடைக்கின்றன.

ஒன்று, பதஞ்சலி யோகத்தில் சரணாகதி ஈசுவரனுக்கு மட்டுமே உரியது. கிலேசமும் வினையும் தன்னலமும் தீண்டாதவர் என்ற தகுதி அவரைத் தவிர வேறு எவருக்கும், முக்தருக்கும்கூட, அங்கே தரப்படவில்லை. இரண்டு, மனித ஆசிரியர் நம்பத்தக்கவர் என்ற மதிப்புக்கு உரியவர். அந்த மதிப்பு அவர் கண்டறிந்த உண்மையையும் மாணவரின் சொந்த அனுபவத்தையும் சார்ந்து நிற்பது. மூன்று, குருவை இறைவனாகக் கண்ட சைவ, தாந்திரிக மரபுகளை யோக சூத்திரத்தின் பெயரால் தவறென்று தள்ள முடியாது; அவற்றுக்குத் தனித் தத்துவ அடிப்படை உண்டு. ஆனால் அவற்றிலிருந்து வழிபாட்டை மட்டும் கடன் வாங்கி, அவை விதித்த சோதனையை விட்டுவிட்டு, எல்லாம் பதஞ்சலி சொன்னது என்று கற்பிப்பது நூலுக்கும் மாணவருக்கும் இழைக்கும் பிழை.

இதனால் ஆசிரியரின் பெருமை குறைவதாக எனக்குத் தோன்றவில்லை. கடவுளாக நடிக்கும் சுமை இறங்கினால் அவர் மனம்விட்டுக் கற்பிக்கலாம், தவறினால் திருத்திக்கொள்ளலாம், தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம்.

யோகம் கற்பிப்போரிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. விடிகாலையில் சொல்லும் அந்த இரண்டு சுலோகங்களோடு பாஷ்யத்தின் மூன்று பகுதிகளையும் பொருளோடு சொல்லிக்கொடுங்கள்: முதல் பாதத்தின் 7ஆம், 35ஆம் சூத்திர உரைகள், மூன்றாம் பாதத்தின் 6ஆம் சூத்திர உரை. ஆசிரியரின் சொல்லைச் சரிபார்க்கும் உரிமையை மாணவருக்குத் தந்திருப்பது, அவர்கள் நாள்தோறும் கைகூப்பி வணங்கும் அதே நூல்தான்.